துப்பாக்கி பிடித்த கையில் தண்ணீர் வாளி

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், கணிப்பொறி அறிவியல் மாணவி ஒருவர்)

“விளையாட்டு வினையாகும்” என்று பெரியவர்கள் எச்சரிப்பதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அவர்கள் சொல்லும் வினைக்குத் துன்பம் என்று பொருள். ஆனால் வினை என்னும் சொல்லுக்குச் செயல் என்ற பொருளும் உண்டு. இலக்கண வகுப்பில் பெயர்ச்சொல்லை அடுத்து நாம் படித்த வினைச்சொல் அதுதான். நான் இங்கே பேச விரும்புவது அந்த இரண்டாவது பொருளைப் பற்றி. கணிப்பொறி விளையாட்டு ஒவ்வொன்றும் ஆடுகிறவர் கையில் சில வினைகளை ஒப்படைக்கிறது. ஓடு, தாவு, எடு, சுடு என்பன போல. ஒரு விளையாட்டு நமக்கு என்ன சொல்கிறது என்று அறிய அதன் கதையைத் தேட வேண்டியதில்லை. நம் கைக்கு அது கொடுத்திருக்கும் வினை யாது என்று பார்த்தாலே போதும் என்பது என் கருத்து.

ஒரு சிறு விளையாட்டை நானே எழுத முற்பட்டபோது ஏற்பட்ட கருத்து இது. போர்க்காலத்தில் மனிதர் மனிதருக்குக் காட்டும் இரக்கமே அந்த விளையாட்டின் பொருள். முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய பாணியில், சுவரும் தரையும் பெரிய பெரிய புள்ளிகளாகத் தெரிய, ஆடுகிறவரின் கண்வழியே காட்சி விரியும். தன்மை, முன்னிலை, படர்க்கை என்று மூவிடம் படித்தோம் அல்லவா? இது தன்மை விளையாட்டு. திரையில் ‘அவன்’ நடப்பதில்லை, ‘நான்’ நடக்கிறேன்.

சுடுவது எப்போது வந்தது?

இவ்வகை விளையாட்டின் பிறப்பைப் பார்ப்போம். 1973-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நாசாவின் ஏம்ஸ் ஆராய்ச்சி மையத்தில் சில இளைஞர்கள் ‘மேஸ்’ என்றொரு நிரலை எழுதினார்கள். கோடுகளால் வரைந்த சந்துபொந்துகளில் வழி கண்டுபிடித்து நடப்பது மட்டுமே அதில் இருந்தது. முதலில் எல்லாருக்கும் வியப்பு. சில நாளில் சலிப்பு. சலிப்பைப் போக்க, இரண்டு கணிப்பொறிகளை இணைத்து, அந்தச் சந்துக்குள் இன்னொரு மனிதரையும் உலவவிட்டார்கள். அடுத்து அவர்கள் சேர்த்த வசதி, எதிர்ப்பட்டவரைச் சுடுவது!

பிறகு 1992-இல் ‘உல்ஃபன்ஸ்டைன் 3டி’, 1993-இல் ‘டூம்’ என்று இரு விளையாட்டுகள் வந்து உலகையே ஆட்டிவைத்தன. அவற்றின் திரையில் கீழே நடுவில் ஒரு கை தெரியும். அந்தக் கையில் ஒரு துப்பாக்கி இருக்கும். அது யாருடைய கை? ஆடுகிறவருடைய கை. அதாவது நம்முடைய கை.

சுடும் விளையாட்டை ஆடுகிறவர்கள் எல்லாரும் கொடியவர்களாகிவிடுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. என் வகுப்பு நண்பர்கள் பலர் நாள்தோறும் கைப்பேசியில் ஆடுகிறார்கள். அவசரம் என்று அரசு மருத்துவமனையிலிருந்து செய்தி வந்தால் குருதி கொடுக்க முதலில் ஓடுகிறவர்களும் அவர்களே. என் ஆதங்கம் வேறு. குறுகிய பாதையில் எதிரே ஒரு மனிதன் வருகிறான். அவனை என்ன செய்யலாம்? இந்தக் கேள்விக்கு ஐம்பது ஆண்டுகளாகப் பெரும்பாலும் ஒரே விடையைத்தானே எழுதி வருகிறோம்? வேறு விடை எழுத நிரலில் இடமில்லையா? இருக்கிறது என்று காட்டுவதே என் முயற்சி.

கைகள் போதாத ஊர்

இரக்கம் என்று பொதுவாகச் சொன்னால் விளையாட்டு அமையாது. யார், எங்கே, எப்போது, எதைக் கையில் வைத்துக்கொண்டு என்று சொல்லியாக வேண்டும். அதற்காக நான் தேர்ந்துகொண்டது 1859-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் நாள் வட இத்தாலியில் நடந்த சால்பரினோ போர். ஒரு பக்கம் பிரான்சும் சார்டீனியாவும், மறுபக்கம் ஆஸ்திரியா. அந்த ஒரே நாளில் இரு தரப்பிலும் மாண்டவரும் காயமுற்றவருமாக ஏறத்தாழ 40,000 பேர். காயமுற்றவர்களில் பல ஆயிரம் பேர் அருகிலிருந்த காஸ்டில்யோனே என்னும் சிற்றூரில் வந்து குவிந்தார்கள். வீடுகள் நிரம்பின; தேவாலயங்கள் நிரம்பின; தெருக்களும் நிரம்பின.

அப்போது அவ்வூரில் இருந்தார் ஹென்றி டூனாண்ட் என்ற 31 வயதுச் சுவிட்சர்லாந்துக்காரர். அவர் மருத்துவருமல்லர், போர்வீரருமல்லர். அல்ஜீரியாவில் தாம் தொடங்கிய தொழிலுக்காகப் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனைப் பார்த்து முறையிட வந்த வணிகர். வந்த வேலையை விட்டுவிட்டு அவர் தேவாலயத்துக்குள் நுழைந்தார். ஊரின் பெரிய தேவாலயத்தில் மட்டும் ஏறத்தாழ 500 பேர் கிடந்தார்கள். வாசலில் வைக்கோலின்மீது மேலும் 100 பேர். அங்கே தாம் கண்டதைப் பின்னர் ஒரு நூலாக எழுதினார். அதில் அவர் பதிவு செய்துள்ள ஒரு செய்தி என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. ஊரில் தண்ணீர் இருந்ததாம், உணவும் இருந்ததாம், ஆயினும் காயமுற்றவர்கள் தாகத்தாலும் பசியாலும் செத்தார்களாம். காயத்துக்குக் கட்டும் பஞ்சுத் துணி வேண்டிய மட்டும் இருந்தது. கட்டிவிடத்தான் போதிய கைகள் இல்லை.

டூனாண்ட் ஊர்ப் பெண்களைத் திரட்டினார். சிறுவர்கள் அருகிலிருந்த நீரூற்றுகளுக்கும் தேவாலயத்துக்குமாக ஓடி, வாளிகளில் தண்ணீர் சுமந்தார்கள். தம் வண்டிக்காரரைப் பிரேஷியா நகருக்கு அனுப்பி எலுமிச்சை, ஆரஞ்சு, சர்க்கரை, சட்டை, புகையிலை எல்லாம் வாங்கிவரச் செய்தார். சாகும் தறுவாயில் இருந்தவர்கள் வீட்டுக்குச் சொல்லச் சொன்னதை எழுதிக்கொண்டார். அந்தப் பெண்கள் பிரெஞ்சுக்காரர், ஆஸ்திரியர் என்று வேறுபாடு பார்க்கவில்லை. நேற்றுவரை தங்கள் ஊரை மிதித்த படையைச் சேர்ந்தவனுக்கும் அதே தண்ணீரைத்தான் கொடுத்தார்கள்.

என் விளையாட்டை ஆடுகிறவர் அந்தச் சிறுவர்களில் ஒருவர். திரையின் கீழே நடுவில், துப்பாக்கி இருந்த அதே இடத்தில், அதே கையில் ஒரு தண்ணீர் வாளி. ஊற்றில் நிரப்ப வேண்டும், தெருவைக் கடக்க வேண்டும், தேவாலயத்துக்குள் கொடுக்க வேண்டும், திரும்ப வேண்டும். மாலையில் தொடங்கி இருட்டும்வரை. ஆட்டம் மொத்தம் இருபது நிமிடம்.

பழைய பாணி ஏன்?

“இந்தக் காலத்தில் இப்படிப் புள்ளி புள்ளியாக ஏன்?” என்று கேட்கிறார்கள். முதற் காரணம் எளியது. என்னிடம் இருப்பது என் அத்தை மகன் பன்னிரண்டாம் வகுப்பில் பெற்ற, அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினி. அவன் படிப்பு அத்துடன் நின்றது. கணிப்பொறி என்னிடம் வந்தது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இன்றைய பெரிய விளையாட்டுகளைத் தாங்கும் சக்தி அந்தக் கணிப்பொறிக்கு இல்லை. ஆனால் 1992-ஆம் ஆண்டின் முறை அதில் சிட்டாகப் பறக்கிறது.

அந்த முறையைச் சற்று விளக்குகிறேன். கணக்குப் படிக்கும் நண்பர்கள் மகிழ்வார்கள். ஊரை ஒரு கட்டம்போட்ட தாளாக வைத்துக்கொள்ளுங்கள். சில கட்டங்கள் சுவர், மற்றவை வழி. திரை 320 புள்ளி அகலம், 200 புள்ளி உயரம். மொத்தம் 64,000 புள்ளிகள். ஆடுகிறவர் நிற்கும் இடத்திலிருந்து, திரையின் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஒன்றாக 320 கதிர்களை நிரல் செலுத்துகிறது. கதிர் சுவரில் முட்டும் தூரத்தைக் கணக்கிடுகிறது. கிட்டத்தில் முட்டினால் அந்த வரிசையில் சுவரை உயரமாக வரை. தொலைவில் முட்டினால் குட்டையாக வரை. அவ்வளவுதான்! தூரத்தை அப்படியே பயன்படுத்தினால் சுவர் புடைத்துத் தெரியும். கோணத்தின் கொசைனால் பெருக்கிவிட்டால் நேராகிவிடும். பள்ளியில் மனப்பாடம் செய்த முக்கோணவியல் எதற்கு உதவும் என்று கேட்டவர்களுக்கு இதோ ஒரு விடை.

மனிதர்கள் தட்டைப் படங்கள். ஆடுகிறவர் எப்பக்கம் நின்றாலும் படம் அவரை நோக்கியே திரும்பி நிற்கும். சுடும் விளையாட்டில் குறிவைக்க வசதியான உத்தி அது. அதே உத்தியால் என் விளையாட்டில் வைக்கோலில் கிடக்கும் ஒவ்வொருவரும் ஆடுகிறவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நிரலில் ஒரு வரியைக்கூட நான் மாற்றவில்லை. கையில் இருக்கும் பொருள் மாறியதும் அந்தப் பார்வைக்கே வேறு பொருள் வந்துவிட்டது.

நிறமும் அப்படியே. ஆஸ்திரிய வீரர்களுக்கு வெள்ளை அங்கி; பிரெஞ்சு வீரர்களுக்கு நீல அங்கி, சிவப்புக் கால்சட்டை. ஆட்டத்தின் தொடக்கத்தில் வேறுபாடு பளிச்சென்று தெரியும். இருட்ட இருட்ட நிரல் நிறங்களை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வரும். கடைசியில் யார் எந்தப் படை என்று தெரியாது. நீட்டிய கை மட்டும் தெரியும்.

அம்மா சொன்ன கணக்கு

தெருக்குழாயில் வரிசையில் நின்று, குடம் சுமந்தே எங்களை வளர்த்தவர் என் அம்மா. அவரிடம் இந்த விளையாட்டைக் காட்டினேன். சிறிது நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “என்னடி இது, நெறஞ்ச வாளியத் தூக்கிட்டு இந்த ஓட்டம் ஓடுறான்? தண்ணி தளும்பாதா? கை கனக்காதா?”

நான் படித்த எந்தப் பாடத்திலும் இல்லாத அறிவு அது. இப்போது என் விளையாட்டில் வாளி நிறைந்திருந்தால் நடை மெதுவாகும். ஓடினால் தளும்பித் தண்ணீர் குறையும். ஆக, தேவாலயத்துக்கு விரைந்து சென்றால் கொடுக்கக் கொஞ்சமே இருக்கும். நிதானமாகச் சென்றால் அதற்குள் ஒருவர் கண் மூடியிருப்பார்.

அம்மா இன்னொன்றும் கேட்டார்: “இருக்கறது ஒரு வாளி. இவனுக்குக் குடுத்துட்டா அங்க கடைசில கெடக்கறவனுக்கு என்ன பண்ணுவே?” விளையாட்டின் உயிரே இந்தக் கேள்விதான். ஒரு வாளித் தண்ணீர் பன்னிரண்டு பேருக்குத்தான் வரும். கை நீட்டுகிறவர்களோ நாற்பது பேர். யாரை முதலில் பார்ப்பது? அருகில் இருப்பவரையா, உரக்கக் கூப்பிடுபவரையா, கூப்பிடவும் சக்தியற்றுக் கிடப்பவரையா? நிரல் இதற்கு விடை சொல்லாது. ஆடுகிறவரே முடிவு செய்ய வேண்டும். குறைவாக இருப்பதைப் பிறருக்குக் கொடுக்கும்போதுதான் இரக்கத்தின் கனம் கைக்குத் தெரிகிறது.

மூன்று மறுப்புகள்

நண்பர்களும் ஆசிரியர்களும் சொன்ன மறுப்புகளுக்கு விடை சொல்வது என் கடமை.

“புள்ளி எங்கே? ஒருவருக்குத் தண்ணீர் கொடுத்தால் பத்துப் புள்ளி என்று வைத்தால்தானே ஆர்வம் வரும்?” என்பது முதல் மறுப்பு. புள்ளி வைத்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். அருகருகே கிடப்பவர்களுக்கு மட்டும் கொடுத்து விரைவாகப் புள்ளி சேர்க்கும் வழியை ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவோம். மூலையில் கிடப்பவர் நட்டக் கணக்கில் சேர்ந்துவிடுவார். சித்திரை வெயிலில் நம் ஊர்களில் தண்ணீர்ப் பந்தல் வைக்கிறார்கள். மோர் குடித்தவரிடம் எந்த ஊர் என்று கேட்பதுண்டா? ரசீது கொடுப்பதுண்டா? தண்ணீர் குடித்தவர் தலையைச் சற்று உயர்த்தி ஆடுகிறவரைப் பார்ப்பார். என் விளையாட்டில் கிடைக்கும் பரிசு அவ்வளவே.

அப்படியானால் யார் ஆடுவார்கள் என்கிறீர்களா? 2014-இல் போலந்து நாட்டிலிருந்து ‘திஸ் வார் ஆஃப் மைன்’ என்றொரு விளையாட்டு வந்தது. 1992 முதல் 1996 வரை சரயேவோ நகரம் முற்றுகையிடப்பட்டபோது மக்கள் பட்ட பாட்டை மனத்தில் கொண்டு செய்யப்பட்டது. அதில் ஆடுகிறவர் படைவீரர் அல்லர். பசியோடு ஒளிந்து வாழும் சாதாரண மக்கள். முதிய தம்பதியரின் வீட்டில் மருந்தைத் திருடினால் திருடியவரே மனமுடைந்து போவார். இலட்சக்கணக்கானோர் அதை ஆடினார்கள். 2020-இல் அந்நாட்டு அரசு அதைப் பள்ளி மாணவர்களுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. ஆகவே மக்கள் ஆடமாட்டார்கள் என்பது சரியன்று.

“பிறர் துன்பத்தை விளையாட்டாக்கலாமா?” என்றார் ஆசிரியர் ஒருவர். மதிக்கத்தக்க கேள்வி. ஆனால் கொல்வதை விளையாட்டாக்கலாம், தண்ணீர் கொடுப்பதை ஆக்கக்கூடாது என்றால் அது எந்த நியாயம்? நான் சில வரம்புகளை வைத்துக்கொண்டேன். குருதியைக் காட்டி மிரட்டுவதில்லை. காயத்தை அருகில் காட்டுவதில்லை. ஒரு முகத்துக்கு எனக்குக் கிடைப்பவை சில பத்துப் புள்ளிகளே. மீதியை ஆடுகிறவர் மனம் வரைந்துகொள்ளட்டும்.

“ஒரு வாளித் தண்ணீர் போரை நிறுத்திவிடுமா?” என்பது கடைசி மறுப்பு. நிறுத்தவில்லை. சால்பரினோவுக்குப் பின்னும் போர்கள் நடந்தன. அதைவிடக் கொடிய போர்கள் நடந்தன. ஆயினும் நடந்ததைப் பாருங்கள். 1862-இல் டூனாண்ட் தம் நூலைச் சொந்தச் செலவில் 1,600 படிகள் அச்சிட்டார். 1863-இல் ஜெனீவாவில் ஐவர் குழு ஒன்று அமைந்தது. அதுவே பின்னர் செஞ்சிலுவைச் சங்கமாயிற்று. 1864 ஆகஸ்ட் 22-இல் 12 அரசுகள் ஜெனீவா உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. அதிலிருந்த விதிகள் பத்தே பத்து. காயமுற்ற வீரர் எந்த நாட்டவராயினும் பேணப்பட வேண்டும் என்றது ஒரு விதி. காயமுற்றவருக்கு உதவும் ஊர் மக்களைத் துன்புறுத்தக்கூடாது, அவர்கள் சுதந்திரமாக இருக்கவேண்டும் என்றது மற்றொன்று. எண்ணிப் பாருங்கள்! வாளி தூக்கிய அந்தச் சிறுவர்களும் துணி கிழித்துக் கட்டிய அந்தப் பெண்களும் ஐந்தே ஆண்டுகளில் உலகச் சட்டத்துக்குள் வந்துவிட்டார்கள்.

டூனாண்டின் வாழ்வு வளமாக முடியவில்லை. 1867-இல் தொழில் நொடித்து, பல ஆண்டுகள் வறுமையில் உழன்றார். 1901-இல் முதல் அமைதி நோபல் பரிசு அவருக்கும் பிரான்சின் பிரடெரிக் பாஸிக்கும் பகிர்ந்து வழங்கப்பட்டது. 1910-இல் மறைந்தார். நம் கல்லூரியில் இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம் நடத்தும் குருதிக்கொடை முகாமில் படுத்துக் கை நீட்டுகிறோமே, அந்தச் சிவப்புச் சிலுவைக் குறியின் கதை காஸ்டில்யோனே தேவாலயத்தில் தொடங்குகிறது. யாருக்குப் போகப் போகிறது என்று கேட்காமல்தானே நாமும் குருதி கொடுக்கிறோம்?

நம் கையில்

நிரல் எழுதக் கற்றுக்கொண்டிருக்கும் நண்பர்களே! நாளை நம்மில் பலர் ஏதேனும் ஒரு நிறுவனத்தில் அமர்ந்து நிரல் எழுதப் போகிறோம். விளையாட்டு மட்டுமா? வங்கிக்கும் மருத்துவமனைக்கும் அரசு அலுவலகத்துக்கும் நாமே எழுதுவோம். ஒவ்வொரு திரையிலும் ஒரு மனிதர் கையில் என்ன வினையைக் கொடுக்கிறோம் என்பதை முடிவு செய்பவர்கள் நாம். முதியவர் ஒருவர் ஓய்வூதியத்துக்காக ஒரு திரையின் முன் நிற்கிறார் என்று வையுங்கள். ‘நிராகரி’ என்ற பொத்தான் மட்டும் பெரிதாகவும் ‘உதவி கேள்’ என்ற பொத்தான் எங்கோ மூலையிலும் இருந்தால், அங்கேயும் ஒருவர் வைக்கோலில் கிடந்து தண்ணீருக்குக் கை நீட்டுகிறார் என்றே நான் சொல்வேன்.

இதற்குப் பெரிய கணிப்பொறி வேண்டாம். பெரும் பணமும் வேண்டாம். பாடத்திட்டத்திலுள்ள சி மொழியும், பள்ளி முக்கோணவியலும், குடம் சுமந்த ஒருவரிடம் கேட்டறியும் பொறுமையும் போதும். என் விளையாட்டில் தெருவும் தேவாலயமும் முடிந்துவிட்டன. ஒலி இன்னும் சேர்க்க வேண்டும். ஆய்வகத்தின் கடைசி வரிசைக் கணிப்பொறியில் அதை ஏற்றி வைத்திருக்கிறேன். இருபது நிமிடம் ஒதுக்கி வந்து ஆடிப் பாருங்கள். குறைகளைச் சொல்லுங்கள். முடிந்தால் கடைசி வைக்கோலில், தூணுக்குப் பின்னால் கிடப்பவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். அவர் கூப்பிடமாட்டார், நாம்தான் போக வேண்டும்.